மணிக்கு நாலு புள்ளி இரண்டு

என் பெண்டாட்டிக்கு எவ்வளவு வலிக்கிறது என்பது எனக்கு முன்னால் ஒரு பெட்டிக்குத் தெரிந்துவிடுகிறது. நான் அவளோடு நாற்பத்தாறு வருஷம் வாழ்ந்தவன். பெட்டி வந்து நாலு மாசம்தான் ஆகிறது.

என் பெயர் சுயம்புலிங்கம். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டியே காலம் போய்விட்டது. யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் இதில் இவனுக்கு என்ன ஆதாயம் என்று பார்க்கிற புத்தி எனக்கு. அந்தப் புத்தியை நான் இன்னும் விடவில்லை. ஆனால் அது என்னை ஒரு தடவை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

சொர்ணக்கனிக்கு எலும்பில் வந்த நோய். ஆறு மாசம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடவே இந்தப் பெட்டியையும் அனுப்பினார்கள். சோற்றுத் தூக்குச் சட்டி அளவுதான் இருக்கும். கட்டில் தலைமாட்டில் ஒரு கம்பியில் மாட்டியிருக்கிறது. மேலே மருந்துப் பை. பையிலிருந்து குழாய் பெட்டிக்குள் போய், அதிலிருந்து அவள் கைக்குப் போகிறது. அவள் மணிக்கட்டில் ஒரு பட்டை. கட்டில் கால்களுக்கு அடியில் நாலு தட்டு. பட்டை அவளுடைய நாடியையும் வியர்வையையும் மூச்சையும் பார்த்துச் சொல்லும். தட்டு அவளுடைய எடையைச் சொல்லும். இவ்வளவு மருந்து வேண்டும், அதை இவ்வளவு வேகத்தில் விட வேண்டும் என்று பெட்டியே முடிவு செய்துகொள்ளும். பெட்டியின் முகத்தில் பச்சை வெளிச்சத்தில் ஒரே ஒரு எண். வேறொன்றும் கிடையாது.

பெட்டியை மாட்ட வந்த நர்ஸ் பிரின்சி முப்பது வயசுப் பெண். வாய் கொஞ்சம் அதிகம்.

"இந்த எண்ணு மணிக்கு எத்தன மில்லி உள்ள போவுதுன்னு காட்டும் அய்யா. வலி கூடினா ஏறும். கொறஞ்சா எறங்கும். நீங்க எதையும் தொட வேண்டாம்."

"யாரு சொல்லி ஏறும்?"

"அதுவே பாத்துக்கிடும்."

"தப்பாப் பாத்துட்டா?"

"நீங்க பாக்குறத விட நல்லாத்தான் பாக்கும்."

கட்டிலில் கிடந்த சொர்ணக்கனி சிரித்தாள். எனக்கு அப்போதே அந்தப் பெட்டியைப் பிடிக்கவில்லை.

பைகளில் இரண்டு வகை. செவ்வாயும் வெள்ளியும் பிரின்சி ஸ்கூட்டரில் வந்து நீலக் கோடு போட்ட பையை மாட்டுவாள். அது இரண்டு நாள் ஓடும். அதை நான் தொடக்கூடாது. மற்ற நாட்களில் வெள்ளைப் பையை நானே மாட்ட வேண்டும். அது ஒரு நாளைக்குத்தான் வரும். எந்தப் பை மாட்டியிருக்கிறது என்பதையும் பெட்டியே தெரிந்துகொள்ளும். அரசாங்கம் கொடுப்பது நாலு விதமாகத்தான் இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன்.

பெட்டி வந்த பிறகு எங்கள் பக்கத்தில் மனுஷர்கள் கெட்டுப்போனார்கள். எங்கள் ஊரில் பதினோரு வீட்டில் இந்தப் பெட்டி இருக்கிறது. மேலத் தெருவில் ஒரு வீட்டில் மூத்த மருமகள் காப்பி டம்ளரோடு உள்ளே வந்திருக்கிறாள். மாமியாரின் தலைமாட்டு எண் மூன்றிலிருந்து நாலுக்கு ஏறிவிட்டது. நலம் விசாரிக்க வந்தவர்கள் ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரமே அவள் அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னொரு வீட்டில் இளைய மகன் பக்கத்தில் உட்கார்ந்தால் எண் இறங்குகிறது என்று கிழவர் வீட்டை அவன் பேருக்கு எழுதிவிட்டார். மூத்தவன் துண்டை எடுத்துப் பெட்டி மேல் போட்டு மூடினானாம். "பெட்டி சொல்லிட்டு" என்றால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. நோயாளியைப் பார்க்க வருகிறவன் முதலில் எண்ணைப் பார்க்கிறான். அப்புறம்தான் முகத்தைப் பார்க்கிறான்.

இதெல்லாம் கிறுக்குத்தனம் என்று டீக்கடையில் முதலில் சொன்னவன் நான்தான். தர்மக்கண் வரத் தொடங்கும் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தர்மக்கண் சொர்ணக்கனியின் அத்தை மகன். முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவன். அவர்கள் ஊரில் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மாலை யாருக்கு என்று இரண்டு குடும்பமும் சண்டை போட்டு, இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தார்கள். அந்த இடைவெளியில் புகுந்து தாலி கட்டியவன் நான். அவர்கள் சமாதானமானபோது என் மகளுக்கு மூன்று மாசம். தர்மக்கண் குழந்தைக்குச் சட்டை எடுத்துக்கொண்டு வந்தான். அன்றைக்கு என் வயிற்றில் பற்றிய எரிச்சல் இன்றுவரை முழுசாக அணைந்ததில்லை. அவன் ஒரு தப்பும் செய்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். திட்டுவதற்காவது ஒன்றைக் கொடுத்திருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. அவள் அவனை "அத்தான்" என்பாள். என்னை "ஏங்க" என்பாள். எங்கள் பக்கத்தில் புருஷனையும் அத்தான் என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவள் கூப்பிட்டதில்லை.

தர்மக்கண்ணுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி வண்டி ஓட்ட முடியாது. பெண்டாட்டி செத்து ஆறு வருஷம். பிரின்சி அவர்கள் ஊர் வழியாகத்தான் வருகிறாள் என்பதால் செவ்வாயும் வெள்ளியும் அவள் ஸ்கூட்டர் பின்னால் ஏறிக்கொண்டு வருவான். பதினோரு மணிக்கு வந்தால் இரண்டு மணி மினிபஸ்ஸில் போவான். அவள் பையை மாட்டுவாள். அவன் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான். எண் இறங்கும்.

முதல் தடவை நான் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவை கவனித்தேன். காலையில் நாலு புள்ளி இரண்டு காட்டிய பெட்டி, அவன் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு புள்ளி ஒன்று காட்டியது. சரிபாதி. அவன் போன பிறகாவது ஏறும் என்று பார்த்தேன். ஏறவில்லை. மறுநாள் முழுக்க அவன் வந்துபோன வாடையிலேயே அப்படியே நின்றது. அதற்கு மறுநாள் நான் என் கையால் வெள்ளைப் பையை மாட்டிவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். நாலு புள்ளி இரண்டு.

தேதி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். அவன் வந்த நாள் ஒரு எண். நான் மட்டும் இருந்த நாள் ஒரு எண். ஐந்து வாரம் எழுதினேன். ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. அவன் வந்தால் இரண்டு சொச்சம். நான் என்றால் நாலு சொச்சம்.

எவனாவது மனுஷன் சொல்லியிருந்தால் பொய் என்று சொல்லியிருப்பேன். இது பெட்டி.

அவன் அப்படி என்னதான் செய்கிறான் என்று வாசல்படியில் நின்று பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஊர்க்கதை பேசினான். சின்ன வயசில் குளத்தில் யார் யார் முங்கினார்கள், எந்த டீச்சரின் குடைக்குள் யார் தவளையைப் போட்டது, இப்படி. அவள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். இவ்வளவுதானா, இது எனக்கு வராதா என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்ன, இன்னைக்கு உக்காந்திட்டிய?" என்றாள்.

"உக்காரக் கூடாதா?"

"உக்காருங்க. நான் என்ன சொன்னேன்?"

உப்பளத்தில் கணக்கப்பிள்ளை வெள்ளை வேட்டியோடு வழுக்கிப் பாத்தியில் விழுந்த கதையைச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன்.

"இத நம்ம கல்யாணத்துக்கு மறுவாரமே சொல்லிட்டிய," என்றாள்.

நாலு புள்ளி மூன்று. ஏறித்தான் இருந்தது.

அடுத்த செவ்வாய் தர்மக்கண் கிளம்பியபோது மினிபஸ் நிற்கிற இடம் வரை கூடப் போனேன். அவனுக்கே ஆச்சரியம்.

"வே தர்மக்கண், ஒரு விஷயம்."

"சொல்லும்."

"இனிமே வர வேண்டாம்."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "ஏன் வே? எதும் தப்பா நடந்திட்டா?"

"தப்பு ஒண்ணுமில்ல. அவளுக்கு ஆயாசமா இருக்காம். பேச முடியலியாம்."

"பேச வேண்டாமே. சும்மா இருந்திட்டு வந்திருதேன்."

"அவதான் வே சொல்லச் சொன்னா."

இந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டு போகவில்லை. அவன் சும்மா இருந்துவிட்டு வருகிறேன் என்றதும் வந்துவிட்டது. சும்மா இருந்தாலே அவனுக்குப் பாதி இறங்கும்.

"சொர்ணமா சொன்னா?"

"ஆமா."

மினிபஸ் வந்துவிட்டது. ஏறப்போனவன் திரும்பி, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தான். "காஞ்ச நார்த்தங்கா. கொமட்டலுக்கு வாயில அடக்கிக்கிடக் கேட்டா. குடுக்க மறந்திட்டேன்."

நான் அதைக் கொண்டுவந்து காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகிவைத்தேன். கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டீக்கடையில் இருந்தேன். பிரின்சியின் ஸ்கூட்டர் போனது. பின்சீட்டு காலி. அது போதும் எனக்கு. அவள் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிப் போனதையும் பார்த்தேன். பிறகு ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வர நாலு மணி ஆகிவிட்டது. நடந்து வரும்போது மனசுக்குள் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவன் வராததால் எண் நாலிலேயே நிற்கும், ஐந்துக்குக்கூட ஏறியிருக்கும் என்று நினைத்தேன். பெண்டாட்டிக்கு வலி கூடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டு வந்த புருஷன் நான்.

உள்ளே வந்து பார்த்தேன். இரண்டு புள்ளி ஒன்று.

"எப்ப வந்தான்?" என்று கேட்டேன்.

"யாரு?" அவள் தூக்கத்திலிருந்து விழித்தாள்.

"எப்ப வந்தான்னு கேக்கேன். கொல்லப்பக்கமா வந்தானா?"

"யாரச் சொல்லுதிய?"

"ஒன் அத்தான. நான் வெளிய போறது வரைக்கும் காத்திருந்து வந்திருக்கான். ஆளு விட்டுச் சொல்லி அனுப்பினியோ? சாவக் கிடக்குத நேரத்துலயும் ஒனக்கு அவன்தான் வேணும்."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்: "அத்தான இன்னைக்கு வராண்டாம்னு சொன்னது நீங்கதானா?"

எண் ஏறியது. இரண்டு புள்ளி ஆறு. மூன்று. மூன்று புள்ளி மூன்று. பெட்டி கீ கீ என்று கத்தியது. அதுவரை அது கத்தி நான் கேட்டதில்லை. அவனைப் பிரித்துவிட்டேன் என்று தெரிந்ததும் ஏறுகிறது பார் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த ராத்திரி கஞ்சி குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் பிரின்சி வந்துவிட்டாள். சனிக்கிழமை அவள் வருகிற நாள் இல்லை. என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டாள்.

"நேத்து நாலு மணிக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலியே."

"பெட்டி எங்களுக்குச் சேதி அனுப்பிட்டு அய்யா. மூணு புள்ளி மூணுக்குப் போயிருக்கு."

"அதென்ன பெரிசு? தெனமும் நாலு காட்டுதே."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அது வெள்ளப் பையில."

"எந்தப் பையா இருந்தா என்ன, எண்ணு எண்ணுதான?"

"இங்க உக்காருங்க," என்று துவைகல்லைக் காட்டினாள். "இந்தக் கணக்க வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. அரைகுறையாக் கேட்டுக்கிட்டுப் பெட்டியில கை வைக்கிறாங்கன்னு. உங்களுக்குச் சொல்லாம முடியாது போலிருக்கு. பெட்டி மொதல்ல முடிவு பண்ணுறது மில்லி இல்ல. மருந்து. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு மைக்ரோன்னு முடிவு பண்ணுதுன்னு வைங்க. மைக்ரோன்னா தூசியிலயும் தூசி. அம்மா எத்தன கிலோ?"

"நாப்பத்திரெண்டு." முன்பு ஐம்பத்தெட்டு இருந்தாள்.

"அப்ப மணிக்கு நாப்பத்திரெண்டு மைக்ரோ உள்ள போவணும். வெள்ளப் பையில ஒரு மில்லித் தண்ணியில பத்து மைக்ரோ கலந்திருக்கு. எத்தன மில்லி விடணும்?"

விரலை மடக்கி யோசித்தேன். "நாலு. நாலும் கொஞ்சமும்."

"நாலு புள்ளி ரெண்டு. நீலக் கோட்டுப் பையில ஒரு மில்லியில இருபது கலந்திருக்கு. கனத்த மருந்து. அதான் ரெண்டு நாள் வருது, அதான் உங்களத் தொடக் கூடாதுன்னேன். இப்பச் சொல்லுங்க, எத்தன மில்லி?"

மடக்கின விரல்களில் பாதியை விரித்தேன்.

"சொல்லுங்க அய்யா."

"ரெண்டு புள்ளி ஒண்ணு."

"அவ்வளவுதான். ரெண்டுலயும் மருந்து ஒண்ணுதான். தண்ணிதான் வேற."

நான் நாற்பது வருஷம் உப்பளத்தில் தண்ணீர் கட்டியவன். கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு உப்பின் டிகிரி பார்த்துத்தான் பாத்திக்குத் தண்ணீர் திறப்பேன். இளந்தண்ணீர் எவ்வளவு விட்டாலும் உப்பு கொஞ்சம்தான் இறங்கும். முற்றின தண்ணீர் கொஞ்சம் விட்டாலே பாத்தி வெளுத்துவிடும். புதுசாக வேலைக்கு வந்தவன் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரின் அளவைப் பார்த்துப் பேசினால், உப்பைப் பாருலே என்று திட்டியிருக்கிறேன். என் வீட்டுக்குள் நான் ஐந்து வாரமாகத் தண்ணீரைத்தான் பார்த்திருக்கிறேன்.

"இப்ப நேத்தைக்கு வருவோம்," என்றாள் பிரின்சி. "நீலக் கோட்டுப் பையில மூணு புள்ளி மூணு. மருந்து எத்தன?"

"அறுபத்தாறு."

"பெட்டி மாட்டின நாள்லருந்து இவ்வளவு போனதே இல்ல. என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"சரி," என்று எழுந்தாள். "இனிமே அந்த ஒண்ணும் நடக்காமப் பாத்துக்கிடுங்க."

அவள் போன பிறகு காலண்டர் தாள்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் வந்த நாள் எண்களை எல்லாம் இரண்டால் பெருக்கினேன். நாலு புள்ளி இரண்டு. நாலு. நாலு புள்ளி இரண்டு. நான் இருந்த நாளும் அதே. அவன் வந்தாலும் ஒன்று, நான் நின்றாலும் ஒன்று. அவன் என்னைவிட உசத்தி இல்லை என்று தெரிந்ததில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் அவனைவிட உசத்தி இல்லையே. தனியாக நின்றது ஒரே ஒரு எண்தான். அந்த அறுபத்தாறு. அது மட்டும் என் கையால் ஆனது.

காலண்டர் அட்டைக்குப் பின்னாலிருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் விழித்திருந்தாள்.

"நார்த்தங்கா. தர்மக்கண் செவ்வாக்கிழமையே குடுத்தான்."

வாங்கி மோந்து பார்த்தாள். ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"நாந்தான் அவன வராண்டாம்னேன். நீ சொன்னதாச் சொல்லிட்டேன்."

"நான் சொல்லலல்லா. அப்ப நீங்கதான சொல்லியிருக்கணும்."

தாள்களைக் கட்டில் மேல் பரப்பினேன். அவன் வந்தால் இறங்குகிறது என்று நினைத்ததைச் சொன்னேன். பை வேறு என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது என்றேன். அவள் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கத்தில் ராகு காலம், எமகண்டம். பின்பக்கத்தில் என் கோணல் எழுத்து. சிரிப்பு வந்து, அது இருமலாகி, நான் நெஞ்சைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

"எனக்கு மொத நாளே தெரியும்," என்றாள். "ரெண்டு பை எதுக்குன்னு பிரின்சிட்டக் கேட்டேன். சொன்னா."

"அப்ப ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க அந்த எண்ணப் பாக்குதியன்னு எனக்கெப்படித் தெரியும்? அது என் தலைக்கு மேலல்லா இருக்கு. வாசல்ல நின்னு இந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நிப்பிய. அஞ்சாறு வாரமா." அவள் நார்த்தங்காயை மறுகன்னத்துக்கு ஒதுக்கினாள். "என்னப் பாக்குதியன்னு நெனச்சேன்."

உப்பளத்தில் வெயிலில் வெறுங்காலோடு நின்றிருக்கிறேன். அப்படி ஒரு சூடு எனக்குள் ஏறியது இல்லை. தாள்களைப் பொறுக்கினேன்.

"அத்தானுக்கும் அதே நெனப்புதான்," என்றாள். "தான் வந்துதான் எறங்குதுன்னு நெனைக்காரு."

"நீ சொல்லலியா அவன்ட்ட?"

"எதுக்குச் சொல்லணும்? சந்தோசமாப் போறாரு. போட்டும்."

அவனுடைய சந்தோஷத்தை இத்தனை நாள் பொத்திப் பொத்திக் காத்திருக்கிறாள். மறுபடியும் வயிற்றில் பற்றியது. நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

"போயிக் கூட்டிட்டு வாங்க," என்றாள். "பொய் சொன்னேன்னு நீங்களே சொல்லுங்க. ஆனா இந்தக் கணக்கச் சொல்லிறாதிய."

ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்குப் போனேன். தர்மக்கண் வாசலில் உட்கார்ந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தான். பாதி கன்னத்தில் வழிந்தது. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தான்.

"சொர்ணத்துக்கு எதும்..."

"ஒண்ணுமில்ல, இரும். அவ ஒம்ம வராண்டாம்னு சொல்லல. நானாச் சொன்னேன்."

"ஏன் வே?"

"எரிச்சல்."

அவன் உட்கார்ந்தான். "நாப்பத்தாறு வருசமாவா?" என்றான்.

"ஆமா."

"எனக்கும் உண்டு வே. நான் காட்டிக்கிடல. அவ்வளவுதான்."

உள்ளே போய் இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்தான். உப்பு போட மறந்திருந்தான். குடித்துக்கொண்டே அவனாகவே பேசினான்.

"அந்தப் பெட்டியில எண்ணு ஓடுதே, கவனிச்சிருக்கீரா? நான் போயி உக்காந்தா செத்த நேரத்துல பாதியா எறங்கிரும். இத ஒம்மட்டச் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்லுதேன். என் பொஞ்சாதி கெடையாக் கெடந்தப்ப இந்தப் பெட்டியெல்லாம் கெடையாது. எட்டு மாசம் பக்கத்துலயே இருந்தேன். நான் இருந்தது அவளுக்கு ஒதவிச்சா, இல்ல சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு இருந்தேனான்னு எனக்குத் தெரியாமலே போயிட்டா. இப்ப அந்த எண்ணு எறங்குறதப் பாக்கும்போது, சரி, நம்மாலயும் ஒரு உசுருக்குக் கொஞ்சம் ஆவுது போலன்னு இருக்கும். அப்ப அவளுக்கும் ஆயிருக்குமோ என்னவோ."

நாற்பத்தாறு வருஷமாக இவனை அடிக்க எனக்குக் கையில் ஒன்றும் கிடைத்ததில்லை. இப்போது கிடைத்திருந்தது. நாற்பத்திரண்டை இருபதால் வகு. அவ்வளவுதான். அவன் எட்டாம் வகுப்பு படித்தவன். சொன்னால் உடனே புரிந்துகொள்வான். பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த எட்டு மாசத்தையும் சேர்த்து அது கொண்டுபோய்விடும்.

"மோர்ல உப்பு இல்ல வே," என்றேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்சீட்டில் அவன். பிரின்சி உள்ளே வந்து வெள்ளைப் பையைக் கழற்றி நீலக் கோட்டுப் பையை மாட்டினாள். தர்மக்கண் கால் கழுவிவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். "என்ன சொர்ணம், வராண்டாம்னு வெரட்டிட்டு நார்த்தங்காயத் தின்னுட்டியா?" என்றான். அவள் சிரித்தாள். பெட்டிக்குள் எதுவோ லேசாக ஓடி அடங்குகிற சத்தம் கேட்டது.

தர்மக்கண் என் முழங்கையை இடித்தான். குரலைத் தாழ்த்தி, "பாத்தீரா வே, எறங்கிட்டு," என்றான்.

பிரின்சி வாயைத் திறந்தாள். சொர்ணக்கனி தலையை லேசாகத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ஆமா வே," என்றேன். "நீரு வந்தாத்தான் எறங்குது."

அதைச் சொல்லும்போது எனக்கு எரிந்தது. நன்றாகவே எரிந்தது. பிரின்சி காலிப் பையைச் சுருட்டினாள். சொர்ணக்கனியின் இடது புருவம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. கன்னத்தில் நார்த்தங்காய் ஒரு பக்கமாகப் புடைத்துக்கொண்டிருந்தது. உதட்டோரம் காய்ந்துபோய், தண்ணீர் வேண்டும் போலிருந்தது. டம்ளரை எடுத்து ஸ்பூனால் விட்டேன்.

"நீரு எங்க வே பாக்குதீரு," என்றான் தர்மக்கண். "எண்ணு மேலல்லா இருக்கு."

"தெரியும் வே," என்றேன்.